மழைக்காலத்தில் திறக்காத கத்தி

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டுக் கத்தி திறக்காது. சித்திரை வெயிலில் நகம் பட்டாலே எழுந்து வரும் அலகு, அந்த இரண்டு மூன்று மாதங்கள் மட்டும் மரப்பிடிக்குள் இறுகிக்கொண்டு அசைய மறுக்கும். பிடி பீச் மரத்தாலானது. பிரான்சின் மலைநாட்டில் கடைந்து செய்யப்பட்ட அந்த மரம், புதுச்சேரிக் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதிப்போகிறது. பள்ளத்தின் இரு சுவர்களும் அலகை நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன. இழுத்துத் திறக்க முயன்று நகத்தைப் பிய்த்துக்கொண்டவர்கள் எங்கள் வீட்டில் உண்டு. அதற்கு வழி வேறு. பிடியின் அடிப்பக்கத்தைத் திண்ணைக் கல்லின் விளிம்பில் ஒருமுறை தட்டவேண்டும். அலகின் முனை ஒரு நெல்லளவு வெளியே எட்டிப் பார்க்கும். பிறகு விரலால் பிடித்து எடுத்துவிடலாம். இந்தக் கத்தி பிறந்த சவுவா மலைநாட்டில் எல்லோரும் இப்படித்தான் தட்டுவார்கள் என்று மாமா சொல்லியிருக்கிறார்.

நாங்கள் அண்ணனும் தங்கையும். இந்தக் கட்டுரையை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். கத்தியைப் பற்றி ஒருவர் மட்டும் எழுதினால் மற்றவருக்கு அது பாதிக் கதையாகத்தான் தோன்றும் என்பது எங்களுக்குத் தெரியும். கருத்து வேறுபடும் இடங்களை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மாமா அம்மாவின் மூத்த சகோதரர். பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். மாமாவும் ஒரு சொல்தா. 1978-ல் விடுமுறைக்கு வந்தபோது எங்களுக்குச் சாக்லேட்டும், அம்மாவுக்கு வாசனைத் திரவியமும், அப்பாவுக்கு இந்தக் கத்தியும் கொண்டுவந்தார். கத்தியைக் கொடுப்பதற்கு முன் அப்பாவிடம் ஒரு ரூபாய் கேட்டார். கத்தியை இனாமாகக் கொடுத்தால் நட்பு அறுந்துபோகும், காசு வாங்கிக்கொண்டால் அது விற்பனை ஆகிவிடும், அறுபடாது என்பது பிரான்சில் உள்ள நம்பிக்கையாம். அம்மா அதற்குமேல் ஒருபடி போனார். காசு கொடுத்தாலும் கத்தியைக் கைக்குக் கை வாங்கக்கூடாது, தரையில் வைக்கச் சொல்லுங்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆக, இரண்டு தேசத்துச் சம்பிரதாயங்களும் நிறைவேறிய பிறகே கத்தி எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஆயினும் சண்டை வந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

கத்தியின் பெயர் ஒப்பினெல். செய்தவரின் குடும்பப் பெயர்தான் அது. ழோசெஃப் ஒப்பினெல் 1872-ல் பிறந்தவர். சேன் ழான் த மொரியேன் என்ற ஊருக்கு அருகிலிருந்த மலைச்சிற்றூரில் அவருடைய தந்தை கோடாலி முதலிய வெட்டுக்கருவிகள் செய்யும் கொல்லர். மகன் 1890-ல், பதினெட்டு வயதில், விவசாயிகள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளத்தக்க மடக்குக் கத்தி ஒன்றைச் செய்தார். 1897-ல் அதை 1 முதல் 12 வரை எண்ணிட்ட பன்னிரண்டு அளவுகளில் செய்யத் தொடங்கினார். ஒன்றாம் எண் ஏறக்குறைய ஒரு விளையாட்டுப் பொருள். பதினொன்றாம் எண்ணுக்கும் அதன் இருபக்கத்து அண்டை எண்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டும் 1930களில் கைவிடப்பட்டன. எங்களுடையது எட்டாம் எண், அலகு எட்டரை சென்டிமீட்டர். அலகின் மேல் முடிசூடிய கை ஒன்று இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டும். 1909 முதல் அதுதான் அவர்களுடைய முத்திரை. திருமுழுக்கு யோவானின் விரல் எலும்புகள் இருப்பதாக நம்பப்படும் ஊர் சேன் ழான் த மொரியேன். அந்த ஊரின் சின்னத்திலிருந்து கை வந்தது. முடி சவுவா நாட்டை ஆண்ட பிரபுக்களுடையது.

கத்தியைப் பிரித்தால் ஐந்து உறுப்புகள்தான்: பிடி, அலகு, இரண்டையும் கோக்கும் ஊசி, பிடியின் கழுத்தில் நிலையான ஓர் உலோக வளையம், அதன்மேல் திருகும் இன்னொரு வளையம். கடைசியில் சொன்ன வளையம் 1955-ல்தான் சேர்ந்தது. அலகைத் திறந்தபின் வளையத்தைச் சற்றுத் திருகினால் வளையத்தின் பிளவு விலகிப்போய் அலகு மடங்காமல் நிற்கும். விரலை நறுக்கிக்கொள்ளும் விபத்து இல்லை. 2000-க்குப் பிறகு வந்த கத்திகளை மூடியநிலையிலும் பூட்டலாம். எங்களுடைய பழையதில் அந்த வசதி கிடையாது. 1985-ல் இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் உலகின் மிக அழகான நூறு பொருட்களில் ஒன்றாக இதைத் தேர்ந்தெடுத்ததாம். அம்மாவிடம் இச்செய்தியைச் சொன்னபோது அருங்காட்சியகத்தைப் பற்றி அவருக்கு இருந்த மதிப்புக் குறைந்தது என்றே நினைக்கிறோம். அம்மாவைப் பொறுத்தவரை அரிவாள்மனைக்கு முன் மற்றவை எல்லாம் பொம்மை.

தமிழில் இதைப் பேனாக்கத்தி என்று சொல்லிவருகிறோம். இறகுப் பேனாவைச் சீவுவதற்கென்று ஏற்பட்ட சிறுகத்தியின் பெயர், பேனா போனபின்னும் நின்றுவிட்டது. ஆனால் இறகுப் பேனா இங்கு வருவதற்கு முன்பே எழுத்தும் கத்தியும் ஒன்றாக மடங்கிக் கிடந்த கருவி ஒன்று நம்மிடம் இருந்தது. மடக்கெழுத்தாணி என்று பெயர். ஒருபுறம் ஓலையில் கீறும் ஊசி, மறுபுறம் ஓலையை நறுக்கி ஒழுங்கு செய்யும் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் அப்படி ஒன்றைப் பார்த்த நாளில் அப்பா வெகுநேரம் அங்கேயே நின்றார். தன் பையிலிருந்ததை வெளியில் எடுத்துக் காட்ட அவருக்கு ஆசை. காவலர் பார்த்துக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை.

அப்பா பள்ளியில் தாவரவியல் கற்பித்தவர். பென்சில் சீவுவது, கடித உறையைப் பிரிப்பது, ரயிலில் கொய்யா நறுக்குவது, மாடித் தோட்டத்து ரோஜாவில் மொட்டு ஒட்டுவது எல்லாம் இந்த ஒரு கத்தியால்தான். மொட்டு ஒட்டுவதற்குத் தண்டின் பட்டையில் ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் கீறவேண்டும். கீறல் பட்டையோடு நிற்கவேண்டும், மரத்துக்குள் போகக்கூடாது. மழுங்கிய கத்தி பட்டையை நசுக்கிவிடும், ஒட்டுப் பிடிக்காது. ஆகவே அப்பா வாரம் ஒருமுறை திண்ணையில் உட்கார்ந்து எண்ணெய்க் கல்லில் கத்தியைத் தீட்டுவார். அலகின் முதுகுக்கும் கல்லுக்கும் இடையே இரண்டு நாணயங்களை அடுக்கிய உயரம் இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. முடிந்ததும் முன்னங்கை மயிரில் வைத்துப் பார்ப்பார். அவருடைய இடது முன்னங்கையில் ஒரு சிறு பகுதி எப்போதும் வழவழவென்றிருக்கும்.

அலகு துருப்பிடிக்காத எஃகு அன்று. கரிமம் மிகுந்த பழைய வகை. சுலபமாகக் கூர் ஏறும், அதே அளவு சுலபமாகக் கறையும் ஏறும். மாமா கொடுத்த அன்று கண்ணாடிபோல மின்னியது, முதல் மாங்காயிலேயே சாம்பல் நிறமாகிவிட்டது. பிறகு எலுமிச்சை, வாழைக்கறை, மாதுளை எல்லாம் தத்தம் நிறத்தை விட்டுச்சென்றன. அம்மா புளி போட்டுத் தேய்க்கப் போனபோது அப்பா பதறித் தடுத்தார். அந்தக் கருமையே துருவுக்கு எதிரான காப்பு என்று எங்களுக்கு அன்று விளக்கினார். பழத்தின் புளிப்பு இரும்போடு சேர்ந்து மேலே மெல்லிய கரும்படலமாகப் படிகிறது. செந்துரு போல உள்ளே அரித்துக்கொண்டு போகாது. துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் போதும். எந்த எண்ணெய் என்பதில் ஆராய்ச்சிகள் நடந்தன. நல்லெண்ணெய் சில வாரங்களில் பிசுபிசுத்து வளையத்தை ஒட்டவைத்துவிட்டது. வேப்பெண்ணெய் பூசிய மாதத்தில் அப்பாவின் சட்டைப்பைக்கு அருகில் யாரும் போகவில்லை. இறுதியில் தேங்காய் எண்ணெய் வென்றது.

1996-ல் அண்ணன் தன் முதல் சம்பளத்தில் சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தி ஒன்றை வாங்கிவந்து அப்பாவிடம் கொடுத்தார். கத்தி இரண்டு, திருப்புளி, தகரம் திறப்பது, தக்கை பிடுங்குவது, பல் குத்துவது, மயிர் பிடுங்குவது எல்லாம் அதில் உண்டு. அப்பா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எல்லாவற்றையும் மூடி, "இது கத்தியா, ஆபீஸா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டாலும் அண்ணனுக்குச் சுருக்கென்றது. அந்தச் சுவிஸ் கத்தி மட்டமானது என்று நாங்கள் சொல்லமாட்டோம். விக்டோரினாக்ஸ் நிறுவனத்தார் 1897 முதல் செய்துவரும் வகை அது. தங்கையின் வீட்டில் கதவுத் தாழ்ப்பாள்களை எல்லாம் பல வருடங்கள் அதுதான் முடுக்கியது. பிறகு கைப்பையில் மறந்து வைத்து விமான நிலையச் சோதனையில் பறிகொடுத்தோம். ஒப்பினெல்லில் செய்வதற்கு ஒரே வேலைதான் உண்டு, அதைத் தாமே செய்ய அப்பாவுக்குக் கை இருந்தது.

2007-ல் அந்தக் கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் என்றார்கள். எழுத்துச் சிறுத்தது, சட்டைப் பொத்தான் போடத் துணை வேண்டியிருந்தது. கத்தியை மட்டும் விடவில்லை. வளையத்தைத் திருகமுடியாமல் எங்களிடம் நீட்டுவார். நாங்கள் திருகிக் கொடுத்தபிறகு பழம் நறுக்குவார். கத்தி கையில் இருக்கும் நேரத்தில் நடுக்கம் சற்றுக் குறைவதுபோல எங்களுக்குத் தோன்றும். உண்மையிலேயே குறைந்ததா, எங்கள் விருப்பமா என்று இன்றுவரை ஒருமித்த கருத்துக்கு வரவில்லை.

2010 அக்டோபரில் ஒருநாள் கொய்யா நறுக்கும்போது கத்தி நழுவி இடது உள்ளங்கையில் இறங்கியது. நான்கு தையல். அன்றிரவே தங்கை கத்தியை எடுத்துப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். மறுநாள் அப்பா சட்டைப்பையைத் தடவிவிட்டு எங்கே என்று கேட்டார். அண்ணன், "தோட்டத்துல விழுந்திருக்கும்பா, தேடுறோம்" என்றார். யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாயில் வந்தது. ஆனால் அப்பா அதை நம்பினார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு மாடிப்படி ஏறி, செம்பருத்தித் தொட்டிகளின் அடியில் தடியின் முனையால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். பிடித்துக் கீழே அழைத்துவந்தோம். அடுத்த வாரமும் போனார். நான்கைந்து முறை போயிருப்பார். பிறகு படியேறமுடியவில்லை, கேட்பதும் நின்றது.

2011 ஜூனில் அப்பா காலமானார். காரியம் முடிந்து பீரோவைத் திறந்தபோது கத்தி பட்டுப்புடவையில் பழுப்புக் கறை ஒன்றை உண்டாக்கியிருந்தது. முப்பத்திரண்டு வருடம் தினமும் பழச்சாறு பட்டும் துருப்பிடிக்காத அலகு, எண்ணெய் இல்லாமல் ஒரு மழைக்காலம் மூடிக்கிடந்ததில் செந்துரு ஏறிக் கிடந்தது. தேய்த்ததில் பெரும்பாலும் போய்விட்டது. முடிசூடிய கைக்குப் பக்கத்தில், முதுகோரத்தில், மிளகளவு ஒரு குழி மட்டும் நின்றுவிட்டது.

அதற்குப்பின் கத்தியை என்ன செய்வது என்பதில் நாங்கள் பிரிந்தோம். அப்பாவின் படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவேண்டும் என்பது தங்கையின் எண்ணம். தொட்டிகளில் மிஞ்சியிருந்த ரோஜாவை ஒட்டுக்கட்டப் பழகவேண்டும் என்பது அண்ணனின் எண்ணம். 2013-ல் தங்கையிடம் சொல்லாமல் அண்ணன் அதைக் கடைத்தெருவில் மோட்டார்ச் சாணைக்காரரிடம் கொண்டுபோனார். மிதிவண்டியில் சாணைச் சக்கரம் வைத்துத் தெருத்தெருவாக வந்தவர் எப்போதோ நின்றுபோயிருந்தார். மிதிசக்கரம் மெதுவாகச் சுழலும், அலகை அவ்வளவாகச் சுடாது. மோட்டார்ச் சக்கரத்தில் இரண்டே நிமிடம், பூவாணம்போலப் பொறி பறந்தது. வாங்கிப் பார்த்தால் முனையிலிருந்து இரண்டு விரலளவுக்குக் கூரோரம் மயில்கழுத்து நீலம். பார்க்க அழகாகவே இருந்தது என்று அண்ணன் இப்போதும் சொல்கிறார். வீட்டில் ஒரு தக்காளியில் வைத்தார், தோல் நசுங்கியது.

இரும்பின் சூடு ஏற ஏற அதன் மேல் நிறங்கள் வரிசையாக வரும். இருநூறு பாகை செல்சியசைக் கடந்தபின் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, முந்நூறை ஒட்டி நீலம். தண்ணீர் காட்டி அலகுக்கு ஏற்றிய கடினம் அந்தச் சூட்டில் இளகிவிடும். கத்திக்கு வைக்கோல் நிறத்தோடு நின்றாகவேண்டும், நீலம் சுருள்வில்லுக்கு உரியது. இவையெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர் போய்விட்டிருந்தார்.

தங்கை அன்று சொன்னதை இங்கே எழுதலாமா என்று நாங்கள் விவாதித்தோம். எழுதிவிடுகிறோம். "அப்பாகிட்ட இருந்து புடுங்கினது பத்தாதுன்னு இப்ப கொன்னும் போட்டாச்சு." அண்ணன், "ஒளிச்சு வச்சது யாரு?" என்றார். "தோட்டத்துல தேடவிட்டது யாரு?" அதற்குமேல் பேச்சு இல்லை. ஐந்து மாதம் அம்மாவின் வழியாகத்தான் செய்தி போய்வந்தது. தீபாவளிக்கும் அப்படியே.

அம்மா கத்தியைத் தெருக்கோடி ஆசாரியிடம் காட்டியிருக்கிறார். அரிவாள்மனையைத் தவிர வேறெதையும் மதிக்காத அம்மா! ஆசாரி அலகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீலம் பாஞ்ச இடம் செத்துப்போச்சும்மா. அத்தத் தேச்சு எடுத்துட்டா உசுருள்ள இரும்பு வந்துடும். மெசின்ல வைக்காதீங்க. கையில தேய்க்கணும், நாளாவும்" என்று சொன்னாராம். அம்மா எங்கள் இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி, கத்தியையும் அப்பாவின் கல்லையும் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான்கு ஞாயிறுகள் ஆயின. ஒருவர் கை சலித்தால் மற்றவர். நீலம் மிக மெதுவாகக் கரைந்தது. அலகின் அகலத்தில் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் போய்விட்டது, முனையின் அழகிய வளைவும் மாறிவிட்டது. இப்போது பார்ப்பவர்களுக்கு அது ஒப்பினெல்லின் தங்கைபோலத் தெரியும். அந்த நாட்களில் கல்லின் சத்தத்துக்கு மேலாக அதிகம் பேசவில்லை. மூன்றாம் ஞாயிறன்று தங்கை, அந்த இரவு பீரோவைப் பூட்டியபின் மறுபடி போய்த் திறந்து பார்த்ததாகவும், திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நின்றதாகவும் சொன்னார். அண்ணன், அப்பா தொட்டியைக் கிளறுவதைப் படிக்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மாலையைப் பற்றிச் சொன்னார். இருவரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. அப்பாவின் கையில் இன்னொரு நான்கு தையல் விழுந்திருந்தால் என்ன என்று இப்போது கேட்பது எளிது. அன்று அந்த இரத்தத்தைப் பார்த்தவர்கள் நாங்கள்.

அம்மாவிடம் ஒருமுறை, அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டோம். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "அவருக்கா தெரியாது?" என்றார். பீரோவில்தான் அப்பாவின் ஓய்வூதியக் காகிதங்களும் இருந்தன. தெரிந்தே தோட்டத்தில் தேடினாரா, அம்மா எங்களுக்காகச் சொன்ன வார்த்தையா என்று மேலே கேட்கத் தைரியம் வரவில்லை.

கத்தி இப்போது முறைபோட்டு இருக்கிறது. தை பிறந்தால் சென்னையில் தங்கையிடம், ஆடி முடிந்தால் புதுச்சேரியில் அண்ணனிடம். மழைக்காலத்தில் அது இங்கேதான் இருந்தாகவேண்டும். தங்கையின் அடுக்குமாடி வீட்டில் தட்டுவதற்குக் கல் இல்லை, ஒருமுறை பால்கனி விளிம்பில் தட்டி ஓடு விரிசல் விட்டது. கண்ணாடிப் பெட்டி செய்யவில்லை. தங்கை இன்னும் அந்த எண்ணத்தை முழுதாகக் கைவிட்டுவிடவில்லை என்பதையும் பதிவு செய்யச் சொல்கிறார். ரோஜாவில் அண்ணன் ஒட்டிய மொட்டுகளில் பத்துக்கு மூன்று பிடிக்கிறது. அப்பாவுக்கு எட்டு பிடிக்கும். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் மிளகளவுக் குழி கண்ணில் படுகிறது. அது முதுகோரத்தில் இருப்பதால் கல் அங்கே எட்டுவதில்லை. அதில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் கூடுதலாக விடுகிறோம்.

சென்ற ஐப்பசியில் தங்கையின் மகன் வந்திருந்தான். சாத்துக்குடி நறுக்கக் கத்தியை எடுத்தவன் திறக்கமுடியாமல் திணறினான். நாங்கள் எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். நகத்தால் இரண்டுமுறை முயன்றுவிட்டு, எழுந்துபோய்த் திண்ணை விளிம்பில் தட்டினான். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டோம். பாட்டி என்றான்.